லீனா படிப்புக்கு எடுத்த சீதனம்

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
14 ஜூன் 1931

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

லீனா எழுதிக்கொண்டது. நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அண்ணியும் சுகமா? ஐரீனுக்கு இருமல் விட்டதா? என்னை வழியனுப்ப அவளையும் தூக்கிக்கொண்டு ஃபெரியில் பிறை ரயிலடி வரைக்கும் வந்தீர்களே, அந்தக் கடற்காற்று அவளுக்கு ஆகியிருக்காது என்று ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

காலேஜ் விடுதியில் எனக்கு நவமணி என்ற பெண்ணோடு அறை கொடுத்திருக்கிறார்கள். சிரம்பான் பக்கம். அவள் அப்பா டாக்டர். நல்ல பெண், ஆனால் ஒரு சாமானின் விலையைக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். நான் வந்த மறுநாளே உட்கார்ந்து செலவைக் கணக்குப் போட்டுவிட்டேன். கட்டணம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து எப்படிப் பார்த்தாலும் மாதம் நாற்பது வெள்ளிக்குக் குறையவில்லை. அப்பா எனக்குச் சீதனமாக வைத்துவிட்டுப் போன ஆயிரத்தைந்நூறும் மூன்று வருடத்துக்குத் தாங்கும். அறுபது வெள்ளி மிஞ்சும். அதில் உங்களுக்கு ஒரு கோட்டு தைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சீதனப் பணத்தைப் படிப்பில் கொட்டுகிறாளே, ஹென்றி வீட்டார் கேட்டு வந்த சம்பந்தம் என்னாவது என்று மைக்கேல் மாமா முகத்தைச் சுளித்தபோது, "அவ பணம், அவ படிக்கட்டும் மாமா. ஹென்றி எங்கே ஓடிடப் போறான்?" என்று சொன்னீர்கள். நம் ஊரில் எந்த அண்ணன் அப்படிச் சொல்வார்? நவமணியிடம் சொன்னேன். அவளால் நம்பவே முடியவில்லை.

தேவமாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உங்கள் தங்கை,
லீனா


பினாங்கு
2 ஜூலை 1931

அன்புள்ள தங்கை லீனாவுக்கு,

அண்ணன் ஆர்தர் ஆசீர்வதித்து எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நலம். ஐரீனின் இருமல் போய்விட்டது, இப்போது சேட்டைதான் அதிகம்.

உன் கணக்கிலிருந்து நாற்பது வெள்ளி எடுத்து மணியாடர் செய்திருக்கிறேன். பார்த்துச் செலவழி. நவமணி வாங்குகிறாள் என்று நீயும் வாங்காதே. ஆபீசில் எல்லாருக்கும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடித்துவிட்டார்கள். ரப்பர் விலை இப்படிக் கிடக்கும்போது கப்பலில் ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது? நான் மத்தியானச் சாப்பாட்டைக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் ஹனீபா கடைக்கு மாற்றிக்கொண்டேன். சோறும் குழம்புமாக நாசி கண்டார் மலிவு, வயிறும் நிறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹென்றியைப் பார்த்தேன். "மூணு வருஷமாண்ணே?" என்றான். "ஆமா தம்பி, கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்" என்றேன். சரி என்று போய்விட்டான். தங்கமான பையன். நீ அதையெல்லாம் நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாமல் படி.

அண்ணி அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஆர்தர்


சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
9 நவம்பர் 1931

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அங்கே மழை அதிகம் என்று பத்திரிகையில் பார்த்தேன், வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதப் பணமும் சேர்ந்து வந்தது. அறுபத்தைந்து வெள்ளி இருந்தது. மீதிப் பதினைந்து பின்னால் வரும் என்று காத்திருக்கிறேன். கட்டணம் கட்டாதவர்களின் பெயரைப் பலகையில் போடுகிறார்கள். என் பெயருக்குக் கீழே இரண்டு பையன்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு மாதா மாதம் தபாலாபீசுக்கு அலைச்சல். ஒன்று செய்யலாமா? இருக்கிற பணத்தை மொத்தமாக இங்கே சிங்கப்பூர் தபாலாபீஸ் சேமிப்புக்கு என் பெயரில் மாற்றிவிட்டால், வேண்டும்போது நானே எடுத்துக்கொள்வேன். உங்களுக்கு வேலை மிச்சம். ஒரு விண்ணப்பப் பாரம் எழுதினால் போதும் என்று விசாரித்தேன்.

அண்ணிக்கும் ஐரீனுக்கும் என் முத்தங்கள்.

லீனா


பினாங்கு
20 ஜனவரி 1932

அன்புள்ள லீனாவுக்கு,

நாங்கள் நலம். திருநாள் நெருக்கத்தில் உடனே எழுத முடியவில்லை. நீ ஆரோக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

பணத்தை மாற்றுவது பற்றி எழுதியிருந்தாய். அது நீ நினைப்பதுபோல் லேசில்லை. நடுவில் மாற்றினால் வட்டி போகும். அப்பாவின் உயிலில் மைக்கேல் மாமா சாட்சி, அவர் கையெழுத்தும் வேண்டும். அவரோ புக்கிட் தெங்கா தோட்டத்தைவிட்டு எங்கும் வருவதில்லை. கணக்கெழுதும் கிராணி வேலை, ஆட்குறைப்பு நேரம், எங்கே வருவார்? பாஸ் புத்தகமும் வட்டி பதிவதற்காகத் தபாலாபீசில் இருக்கிறது. கொஞ்சம் பொறு.

ஐம்பத்தைந்து வெள்ளி அனுப்புகிறேன். இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள். ஏழை மாணவர்களுக்குக் காலேஜிலேயே கடன் கொடுக்கிறார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். விசாரித்துப் பாரேன். கடன் வாங்கிப் படித்துவிட்டு வேலைக்குப் போனதும் அடைத்துவிடலாம், உன் பணமும் கல்யாணத்துக்கு அப்படியே இருக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்தர்


சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
16 பிப்ரவரி 1932

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? ஐரீன் என்னைக் கேட்கிறாளா?

கடன் பற்றி நீங்கள் சொன்னபடியே விசாரித்தேன். காலேஜ் நிதியில் வாங்க வேண்டுமானால் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். பணம் கட்டும் ஆபீசில் இருக்கிற கனவான் என் தாள்களைப் பார்த்துவிட்டு, "உனக்குச் சொந்தப் பணம் இருப்பதாகச் சேரும்போது எழுதியிருக்கிறாயே, பிறகு எதற்குக் கடன்?" என்று கேட்டார். தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கடைக்கு நவமணியின் சித்தப்பா கூட்டிக்கொண்டு போனார். செட்டியார் மரியாதையாக உட்காரவைத்து, "பொம்பளைப் பிள்ளைக்கு நான் எதை நம்பித் தர்றது? உங்க அண்ணனை வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்மா" என்றார்.

நவமணியின் அப்பா தானே கட்டிவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இப்போதைக்கு அவளிடம் எட்டு வெள்ளி கைமாற்று வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் ஒரு தேயிலை வியாபாரியின் மகள்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பன்னிரண்டு வெள்ளி தருகிறார்கள்.

பாஸ் புத்தகம் தபாலாபீசிலிருந்து வந்துவிட்டதா?

லீனா


சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
22 மே 1932

அன்புள்ள அண்ணனுக்கு,

லீவு முடிந்து சுகமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த பலகாரம் நவமணிக்குப் பிடித்துப்போனது. உங்கள் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா?

நான் புறப்படுவதற்கு முதல் நாள் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் ஆபீசிலும் அண்ணி காய்கறி வாங்கப் பாசாரிலும் இருந்த நேரம், வாசலில் தலைப்பாகை கட்டிய ஒரு சிங் வந்து நின்றார். வயதானவர், பீச் ஸ்திரீட்டில் ஏதோ பாங்கியில் காவல் இருக்கிறாராம், கையில் பணமும் வட்டிக்கு விடுகிறவர். நம்மைப் போலவே தமிழ் பேசினார்.

"ஆர்தர் சார் இல்லையாம்மா?"

"ஆபீஸ் போயிருக்கார்."

"ரெண்டு மாசம் பாக்கி-லா. நான் சத்தம் போட வரலே. சார் நல்ல மனுஷன். தங்கச்சி படிப்புக்குன்னு கேட்டாரு. படிப்புன்னு கேட்டா நான் இல்லேன்னு சொல்றதில்லே. அந்தப் பொண்ணு பாஸாயிடுச்சா?"

"இன்னும் இல்லே" என்றேன்.

"பாஸாயிடும்" என்றார். ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வந்ததாக உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

இங்கே வெயில் கடுமையாக இருக்கிறது. அங்கே எப்படி?

லீனா


பினாங்கு
11 ஜூன் 1932

லீனாவுக்கு அண்ணி ஜூலியானா எழுதுகிறது,

நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

எனக்கு உன்னைப் போல அழகாக எழுத வராது. நீ எழுதிய கடிதத்தை உன் அண்ணன் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சட்டை துவைக்கும்போது நான் எடுத்துப் படித்தேன். இனி நான் சும்மா இருந்தால் எனக்குப் பாவம்.

உன் பணம் இல்லை. நீ சிங்கப்பூருக்குப் போகும்போதே இல்லை. ரப்பர் விலை ஏறியிருந்த காலத்தில் தாசேக் கெலுகோரில் ஐந்து ஏக்கர், கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து உன் பணத்தைப் போட்டு வாங்கினார். இரண்டு வருடத்தில் இரண்டு பங்காகத் திருப்பி வைத்துவிடுவேன் என்றார். விலை விழுந்தது. கூட்டாளி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டான். நிலத்தை அடகு பிடித்தவரே எடுத்துக்கொண்டார்.

ஹென்றி வீட்டார் கேட்டு வந்தபோது நான் அவரிடம் கேட்டேன், இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று. "கல்யாணம்னா ஒரே நாள்லே ஆயிரத்தைந்நூறையும் மேசை மேலே வைக்கணும். படிப்புன்னா மாசாமாசம் எங்கேயாவது புரட்டிடலாம். மூணு வருஷத்துலே விலை ஏறிடும், ஜூலி" என்றார். அதனால்தான் மாமாவிடம் அப்படிப் பேசினார். உன்னைப் படிக்க வைத்ததும் அதனால்தான்.

என் வளையலும் போய்விட்டது. அதைச் சொல்லி உன் மனதைக் கரைக்கப் பார்க்கவில்லை. வளையல் எங்கே என்று யாராவது கேட்டால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் எழுதியதை அவருக்குச் சொல்லாதே. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் உன் பணம் இல்லை.

ஜூலியானா


சிங்கப்பூர்
30 ஜூன் 1932

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். ஐரீனுக்கு அம்மைப்பால் ஊசி போட்டாகிவிட்டதா? தள்ளிப்போடாதீர்கள்.

லீனா


பினாங்கு
12 டிசம்பர் 1932

அன்புள்ள தங்கை லீனாவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். நீ நலமா? ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரீட்சையில் தேறிவிட்டாய் என்று நவமணி உன் அண்ணிக்குப் போட்ட கார்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். நீ பணம் கேட்டும் எழுதவில்லை. கேட்காததால் நானும் அனுப்பவில்லை. எப்படிச் சமாளிக்கிறாய் என்று தெரியவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி உனக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. அப்பாவின் உயிலில் எழுதியிருப்பது உனக்குத் தெரியும். அன்றைக்குள் கணக்கை உன் பெயருக்கு ஒப்படைத்ததை மைக்கேல் மாமா பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பிப்ரவரி முதல் வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறாராம். கோயில் சாமியாரையும் கூட வைத்துக்கொள்வாராம். மாமாவின் குணம் உனக்குத் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை போலீஸ் என்பார். ஆபீசிலும் இன்னும் நாலு பேரை நிறுத்தப்போவதாகப் பேச்சு.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை லீனா. உனக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது நான்தான் பதினெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

ஆர்தர்


சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
9 ஜனவரி 1933

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். எழுத உட்காருவேன், முதல் வரிக்கு அப்புறம் ஒன்றும் வராது.

இதோடு ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். விடுதி மேற்பார்வை அம்மாளும் நவமணியும் சாட்சி போட்டிருக்கிறார்கள். "என் தகப்பனார் எனக்கென்று விட்டுச்சென்ற ஆயிரத்தைந்நூறு வெள்ளியையும் அதன் வட்டியையும் என் அண்ணன் ஆர்தரிடமிருந்து என் படிப்புச் செலவுக்காக முழுவதும் பெற்றுக்கொண்டேன். இனி எனக்குப் பாக்கி ஏதுமில்லை" என்று எழுதியிருக்கிறேன். வயது நிறைந்த பிறகு எழுதினால்தான் செல்லும் என்பதால் என் பிறந்தநாள் தேதியைப் போட்டிருக்கிறேன். அதற்கு முன் மாமா கேட்டால், தபாலில் வருகிறது என்று சொல்லுங்கள். அன்றைக்கு எடுத்துக் காட்டுங்கள்.

இரண்டு தடவை வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது.

மீதிப் படிப்புக்குப் பணம் கிடைத்துவிட்டது. ஈப்போவில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கடன் தருகிறார்கள். ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து அவர்களிடமே ஐந்து வருடம் வேலை செய்ய வேண்டும், மாதச் சம்பளத்தில் கடனைப் பிடித்துக்கொள்வார்கள். கடன் அடையும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் சொன்ன காலேஜ் கடனைவிட இது சுலபம்.

ஹென்றிக்கு நானே எழுதிவிட்டேன். காத்திருக்க வேண்டாம் என்று மட்டும்தான். காரணம் எழுதவில்லை. பத்து நாளில் பதில் வந்தது. நல்ல மாதிரிதான் எழுதியிருந்தார். அவர் அம்மா வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

நவமணி என்னை அழச் சொல்கிறாள். அழுதால் சரியாகிவிடுமாம். எனக்கு வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வகுப்புக்குப் போகிறேன். பரீட்சையில் இரண்டாவதாக வந்தேன். அதுவும் யாருக்கோ நடந்ததுபோல் இருக்கிறது.

அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லீனா


பினாங்கு
18 செப்டம்பர் 1934

என் அன்புக்குரிய தங்கை, ஈப்போ டீச்சரம்மா லீனாவுக்கு,

அண்ணன் மனமார வாழ்த்தி எழுதுவது. நாங்கள் எல்லாரும் சௌக்கியம். ஈப்போ தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டதே. முதல் சம்பளம் வாங்கியிருப்பாய்.

போன மாதம் கோயில் திருநாளில் சாமியார் பிரசங்கத்தில் என்னைப் பற்றிச் சொன்னார், தெரியுமா? பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "தங்கையின் சீதனத்தைக் கல்வியாக மாற்றிக்கொடுத்த அண்ணன் நம் நடுவிலே இருக்கிறார்" என்றார். மைக்கேல் மாமா உன் பத்திரத்தைப் பத்து பேரிடம் காட்டியிருக்கிறார். "ஒரு காசு வைக்காம அவளுக்கே செலவழிச்சிருக்கான்யா" என்கிறார். பூசை முடிந்து மூன்று பேர் தங்கள் பெண்களின் படிப்பைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை கஷ்டத்தில் உன்னைப் படிக்கவைத்தேன் என்பது நமக்குத்தான் தெரியும்.

ஒரு சின்ன விஷயம். ரப்பர் விலை மெல்ல ஏறுகிறது. சுங்கைப் பட்டாணி வழியில் ஒரு துண்டு நிலம் மலிவாக வருகிறது. இந்த முறை கூட்டாளி இல்லை, நான் மட்டும்தான். செட்டியார் அறுநூறு தரத் தயார், மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நின்றால் போதும் என்கிறார். உன் பெயரைச் சொன்னதும் உடனே சம்மதித்துவிட்டார். பத்திரம் இதோடு இருக்கிறது. பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலிலேயே அனுப்பு. அண்ணன் உனக்குச் செய்ததை நினைத்துப் பார்த்தால் நீ மறுக்கமாட்டாய் என்று தெரியும். ஐரீனுக்கும் ஆறு வயது ஆகிறது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

அன்புடன்,
ஆர்தர்


சேசு மரி சூசை துணை

ஈப்போ
3 அக்டோபர் 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. நீங்களும் அண்ணியும் ஐரீனும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. வேறு யார் கேட்டாலும் போடமாட்டேன், நீங்கள் கேட்டாலும் போடமாட்டேன். செட்டியாரிடம் என் பெயரை இனிச் சொல்ல வேண்டாம்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. சாமியார் பிரசங்கத்தைப் படித்தபோதுகூட ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து போய் நாளைய பாடத்தைத் தயார் செய்தேன். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. பணம் இருந்திருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள் செய்த காரியத்தால்தான். அதற்கு எப்படி நன்றி சொல்வது, எப்படிக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டும் சொல்லவில்லை.

ஐரீனை ஜனவரியில் கான்வென்டில் சேர்த்துவிடுங்கள். கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கடன் பிடித்தது போகக் கையில் வருகிற சம்பளத்தில் அதற்கு இடமிருக்கிறது. அவள் எத்தனை வருடம் படிக்க ஆசைப்பட்டாலும் சரி. பணத்தை ஒவ்வொரு மாதமும் நேராகத் தலைமை மதருக்கே அனுப்பிவிடுகிறேன். உங்கள் கைக்கு அனுப்பமாட்டேன்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். மழைக்காலம் வருகிறது, ஐரீனை நனையவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
லீனா